பஞ்சுக்குச்சி பிறந்த கதை

சதுரங்கப்பட்டினத்தில் என் நண்பர் வீட்டு வாசலில் ஒரு ராஜபாளையம் கடுவன் படுத்திருக்கும். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. கேட்டைத் திறந்தால் குரைக்காது. பக்கத்தில் போய் நிழல் விழுந்த பிறகுதான் தலையைத் தூக்கும். "ரொம்பப் பொறுமைங்க இவன்" என்று நண்பர் ஒரு வருஷம் பெருமைப்பட்டார். தீபாவளியன்று தெருநாய்கள் எல்லாம் வண்டிகளுக்கடியில் நடுங்கிக் கிடக்க, இது வாசலில் கால் நீட்டித் தூங்கியது. அப்போதுதான் சந்தேகம் தட்டியது.

செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் நாயின் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டினார். நாய் சுவரில் இருந்த பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பிறவியிலேயே செவிடு சார்."

"இவனுக்குச் சேர்க்கை போடலாமா டாக்டர்? ஏதோ டிஎன்ஏ டெஸ்ட் இருக்காமே?"

எங்களுக்குப் பின்னால் ஒரு லேப்ராடர் காத்திருந்தது. டாக்டர் அதன் கன்னத்தின் உட்புறம் ஒரு பஞ்சுக்குச்சியை விட்டுத் தேய்த்து, உலர்த்தி, உறையில் போட்டு ஒட்டினார். "இவனுக்குக் கண் வியாதி டெஸ்ட். உங்க நாய் காதுக்கு இந்தக் குச்சி பதில் சொல்லாது" என்றார். பால் குடிக்கிற குட்டியானால் தாயிடமிருந்து பிரித்து வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டுமாம். இல்லையென்றால் வாயில் ஒட்டியிருக்கும் தாயின் செல்லும் சேர்ந்து வந்துவிடும்.

கண்ணுக்குப் பதில் சொல்கிற குச்சி காதுக்கு ஏன் சொல்லாது? அது பிறந்த கதையைப் பார்த்தால் புரியும்.

ஐரிஷ் செட்டர் என்ற வேட்டைநாய்க்குப் பரம்பரையாக வரும் பார்வைக் கேடு ஒன்று உண்டு. கெட்ட மரபணு தாய், தகப்பன் இருவரில் ஒரு பக்கமிருந்து மட்டும் வந்திருந்தால் நாய் நன்றாகவே இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால்தான் வினை: சராசரியாக நாலில் ஒரு குட்டிக்குக் கண் போகும். நம் ஊரில் பிறவிக் குறையோடு பிள்ளையைக் கொண்டுபோனால் டாக்டர் "சொந்தத்துல கட்டினீங்களா?" என்று கேட்பாரே, அதே கணக்கு. எந்த நாய் ஒளித்து வைத்திருக்கிறது என்று அறிய இங்கிலாந்தில் ஒரே வழிதான் இருந்தது. சந்தேகப்பட்ட நாயைக் குருட்டு நாயோடு சேர்த்து, குட்டிகளுக்குப் பார்வை இருக்கிறதா என்று காத்திருந்து பார்ப்பார்கள். பதில் தெரிவதற்காகவே குருட்டுக் குட்டிகள் பிறந்தன. 1993இல் அந்தக் கெட்ட மரபணு பிடிபட்டது. அதன்பின் டிஎன்ஏவிலேயே பார்த்துவிடலாம் என்றானதால் அந்தக் கொடுமைக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

2005 டிசம்பரில் டாஷா என்ற பாக்ஸர் பெட்டையின் மரபணுத் தொகுதி, சுமார் 240 கோடி டிஎன்ஏ எழுத்து, முழுதாக வெளிவந்தது. பாக்ஸரைத் தேர்ந்ததற்குக் காரணம் அழகல்ல. நெருங்கிய சேர்க்கையால் அதன் இரண்டு பக்க மரபணுக்களும் பெரும்பாலும் ஒன்றுபோல இருந்தன, படிக்கச் சுலபம். நாய்க்கு நோய் தரும் அதே சமாசாரம் ஆராய்ச்சிக்கு வசதியாகிவிட்டது!

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் டால்மேஷன். அந்தச் சாதி முழுவதற்குமே சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகம். கல் அடைத்துக்கொண்டு கடுவன்கள் துடிக்கும். சாதிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டிருந்தால் நல்ல மரபணு எங்கிருந்து வரும்? 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரே ஒரு முறை பாயிண்டர் சாதி நாயைக் கலந்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடு மட்டுமே சேர்த்து, அந்த ஒரு நல்ல மரபணுவை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார். 1981இல் அமெரிக்க கென்னல் கிளப் அந்த வழிவந்த இரண்டு குட்டிகளைப் பதிவு செய்தது. "ரத்தம் கெட்டுவிட்டது" என்று டால்மேஷன்காரர்கள் கொதித்ததும் கதவை மூடிக்கொண்டது. 2008இல் டானிகா பன்னாஷ் என்ற ஆய்வாளரின் குழு அந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. கிளப் மறுபடி கதவைத் திறந்தது 2011இல். நடுவே முப்பது வருஷம் கல்லில் துடித்த நாய்களுக்குப் பரம்பரைப் பேப்பர் மட்டும் சுத்தமாக இருந்தது.

கண்ணும் கல்லும் ஒற்றை மரபணுவின் வேலை, குச்சிக்குப் பிடிபடும். இனி காதுக்கு வருவோம். தோலுக்கு நிறம் தரும் செல்கள் கருவில் முதுகுப் பக்கமிருந்து புறப்பட்டு உடம்பெல்லாம் பரவுகின்றன. உள்காதிலும் அவற்றுக்கு வேலை உண்டு. அங்குள்ள திரவத்தின் உப்புக் கணக்கைப் பார்த்துக்கொள்வது அவைதாம். வெள்ளைக்கான மரபணு அவற்றை வழியிலேயே நிறுத்திவிட்டால், பிறந்த சில வாரங்களில் காதின் உணர்செல்கள் பட்டுப்போகும். ஒரு காது மட்டும் போன நாய்களும் உண்டு. கூப்பிட்டால் தப்பான பக்கம் திரும்பும், வீட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம். தலையில் மெல்லிய ஊசி மின்முனைகளைச் செருகி, காதில் 'டிக் டிக்' ஓசை விட்டு மூளையின் அலையைப் பார்க்கும் சோதனைதான் கை கொடுக்கும். இந்தச் செவிட்டுத்தன்மை ஒற்றை மரபணுக் கோளாறு அல்ல. அதனால்தான் பஞ்சுக்குச்சிக்கு இங்கே வேலை இல்லை.

டால்மேஷனிலும் இதே கதைதான். காதில் பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும் குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மை குறைவு. கண்காட்சி விதியோ திட்டைக் குறை என்று தள்ளுகிறது. ராஜபாளையத்தில் நாம் அதற்கும் மேலே போனவர்கள். ஒரு ஈத்தில் நிறம் கலந்து விழுந்த குட்டிகளை அன்றே கழித்துக்கட்டும் வழக்கம் இருந்தது. வெள்ளைதான் கௌரவம்! கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் முதன்முதலாகப் பதிவு செய்த மூன்று நாய் இனங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம்முடையவை, மூன்றாவது கர்நாடகத்து முதோல். பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. நாய் வாங்கப் போகிறவர்கள் மட்டும் இன்னும் மூக்கின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள்.

டாக்டர் கை கழுவிக்கொண்டே கேட்டார்: "இவன்கூடப் பிறந்ததுங்க எப்படி?"

"எல்லாம் வெள்ளைதான் டாக்டர். ஒண்ணு மட்டும் காதுல பழுப்பா இருந்துச்சு. வித்தவர் அதை சும்மாவே தூக்கிக் கொடுத்துட்டார், திருக்கழுக்குன்றம் ரோட்டுல ஒரு தோப்புக்காரருக்கு."

அடுத்த ஞாயிறு போனோம். தார் ரோட்டை விட்டு மண் பாதையில் பைக் இறங்கியதுதான் தாமதம். தோப்பு இன்னும் கண்ணில் படவில்லை. அதற்குள் குரைப்புச் சத்தம் வந்துவிட்டது.