நரம்பின் நன்மை தீமை

வன்னிநாட்டிலே கோவலன் கதை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. முல்லைத்தீவுப் பகுதியில் அது கூத்தாக ஆடப்பெறுவது. கண்ணகி வழிபாடோ வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலாகப் பொலிவது. எனினும், கோவலன் மீட்டிய யாழ் மட்டும் எம்மிடை இல்லை. கருவியோடு அதன் நரம்பைத் தேரும் அறிவும் மறைந்ததோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

கானல்வரியில் மாதவி, குற்றம் நீங்கிய யாழை எண்வகைக் கரணத்தால் ஆராய்ந்து இசை கூட்டிய பின்னரே கோவலனிடம் நீட்டுகின்றாள். நரம்பின் குற்றங்கள் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்காம் என்பது பண்டை இசைமரபு. உலோகக் கம்பியாயின் மயிருக்கும் தும்புக்கும் இடமேது? எனவே, அவர் கொண்டது முறுக்கிய புரியே என்பது பெறப்படும். புரி ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியின் சுருதி நில்லாது. குற்றங்களை வகுத்தோர் கண்ட உண்மை இதுவே.

இவ்வறிவு நூல்வழியே மீண்டது. உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை உரையுடன் பதிப்பித்தார். அவ்வாண்டிலே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், பல்லாண்டு ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை அரங்கேற்றினார்.

மேனாட்டுக் கிற்றாரின் வரலாறும் ஒப்புநோக்கத்தக்கது. அதற்கும் நெடுங்காலம் விலங்கின் குடலாற் செய்த நரம்பே வழங்கியது. இரண்டாம் உலகப் போரில் அது அரிதாகவே, நியூயோர்க்கில் அல்பேட் ஓகஸ்தீன் என்பார் நைலோன் இழையை நாடினார். இசைவாணர் செகோவியா அதனை ஏற்றார். குடல்நரம்பு ஈரத்தாற் பெரிதும் நெகிழும். நைலோன் அத்துணை நெகிழாது. மாரியில் ஈரமும் கோடையில் வறட்சியும் மிக்க வன்னிக்கு இது சிறு நன்மையன்று.

சாஸ்திரியக் கிற்றார் பயில்வோர் மூன்று செய்திகளை உளங்கொள்ளல் வேண்டும். முதலாவது, அதற்கு எஃகுக் கம்பி ஆகாது. அதன் மிகை இழுவிசை பாலத்தைப் பெயர்த்துவிடும். இரண்டாவது, மந்தநரம்பு மூன்றும் இழைமீது உலோகம் சுற்றியனவாதல் வேண்டும். வெறும் இழையைத் தடிப்பித்தால் விறைத்து ஒலி மழுங்கும். மூன்றாவது, இழுவிசை மிகின் ஒலி ஓங்கும், விரலோ வருந்தும். ஆகவே, பழைய கருவிக்கும் புதிய மாணாக்கனுக்கும் மெல்லிழுவிசையே தக்கது.

விலையையும் பெயரையும் மட்டும் நோக்கி நரம்பு கொள்வது மாதவி அறிந்த முறையன்று. யாழை இழந்தோம்; ஆராய்ந்து கொள்ளும் அவ்வொழுக்கத்தையும் இழத்தல் தகாது.