ஸ்டாக் கார் பந்தயம்: படிக்க வேண்டிய சில புத்தகங்கள்

ஸ்டாக் என்றதும் நம்ம பி.காம். மக்களுக்குப் பங்குச்சந்தைதான் ஞாபகம் வரும். இது அந்த ஸ்டாக் இல்லை. கடையில் விற்பனைக்கு நிற்கிற சாதாரணக் காரை அப்படியே கொண்டுவந்து பந்தயத்தில் விடுவதால் ஸ்டாக் கார். (இன்றைக்கு ஓடுகிற கார்களுக்கும் ஷோரூம் கார்களுக்கும் மேல்தோற்றத்தைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அது தனிக்கதை.) அமெரிக்காவின் தென்மாநிலங்களில் செம்மண் தடங்களில் ஆரம்பித்த இந்தப் பந்தயத்தை இன்று நடத்துவது நாஸ்கார் என்ற நிறுவனம். அதன் ஆரம்ப காலத்தைப் பற்றி நான் படித்ததில் தேறிய புத்தகங்களை இங்கே சொல்கிறேன். கார் பைத்தியம் இல்லாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். யார் முதல் போட்டார்கள், கடைசியில் கம்பெனி யார் கைக்குப் போனது என்பதுதான் இதில் பாதிக்கதை.

முதலில் நீல் தாம்ஸன் எழுதிய 'டிரைவிங் வித் தி டெவில்' (2006). அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-ல் முடிந்தது. ஆனால் தெற்கே பல மாவட்டங்களில் தடை நீடித்தது, தடை இல்லாத இடத்தில் வரி இருந்தது. ஆகவே மலையில் கள்ளச்சாராயம் காய்ச்சி இரவோடு இரவாக அட்லாண்டாவுக்குக் கடத்தும் தொழில் நிற்கவில்லை. போலீஸை முந்த வேகமான கார் வேண்டும். 1932-ல் வந்த ஃபோர்டு வி-8 இஞ்சின் அதற்கென்றே செய்தது போல அமைந்தது. இரவில் சரக்கு ஓட்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓட்டினார்கள்.

இந்தப் புத்தகத்தின் நாயகன் ரேமண்ட் பார்க்ஸ். கள்ளச்சாராயத்திலும் லாட்டரியிலும் பணம் பார்த்து, அந்தப் பணத்தைப் பந்தயக் கார்களில் கொட்டியவர். அவருடைய ஓட்டுநர் லாயிட் சீ 1941 செப்டம்பர் 1-ம் தேதி அட்லாண்டாவின் லேக்வுட் தடத்தில் ஜெயித்தார். மறுநாள் சொந்தக்காரர் ஒருவரே அவரைச் சுட்டுக் கொன்றார். தகராறு எதற்குத் தெரியுமா? சாராயம் காய்ச்சக் கடனில் வாங்கிய சர்க்கரை யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதற்கு! சீக்கு அப்போது வயது 21. டாஸன்வில் ஊரில் அவர் கல்லறையில் ஒரு ஃபோர்டு கார் செதுக்கியிருக்கிறார்கள்.

1947 டிசம்பர் 14-ல் டேடோனா பீச்சில் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் பில் ஃப்ரான்ஸ் கூட்டிய கூட்டத்தில் பார்க்ஸும் இருந்தார். நாஸ்கார் என்ற பெயரைச் சொன்னதே அவருடைய மெக்கானிக் ரெட் வோட். 1948 பிப்ரவரியில் கம்பெனி பதிவானபோது பங்குகள் ஃப்ரான்ஸ், டட்ஹில், வக்கீல் ஒசின்ஸ்கி ஆகிய மூவரிடம் போயின. பார்க்ஸுக்கு ஒன்றும் இல்லை. போரில் காலில் காயம்பட்ட ரெட் பைரன் 1948, 1949 இரண்டு வருடமும் சாம்பியன் ஆனது பார்க்ஸின் கார்களில்தான். ஃப்ரான்ஸ் 2010-ல் நாஸ்கார் புகழ் மண்டபத்தின் முதல் அணியிலேயே இடம்பெற்றார். அதே வருடம் பார்க்ஸ் இறந்துபோனார். அவர் பெயர் உள்ளே போனது 2017-ல்.

தாம்ஸன் நாவல் மாதிரி எழுதுகிறார். சுவாரசியம் அதிகம்தான், ஆனால் எனக்கு அங்கங்கே சந்தேகம் வந்தது. அதற்கு மருந்து டேனியல் பியர்ஸின் 'ரியல் நாஸ்கார்' (2010). இவர் வரலாற்றுப் பேராசிரியர். ஓட்டுநர்கள் மட்டுமல்ல, கார் வைத்திருந்தவர்கள், பந்தயம் நடத்தியவர்கள், தடம் போட்டவர்கள் என்று பலருக்கும் சாராயத் தொழிலில் கால் இருந்ததை ஆதாரத்தோடு காட்டுகிறார். 1949 ஜூன் 19-ல் சார்லட்டில் நடந்த முதல் 'ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்' பந்தயம் நல்ல உதாரணம். முதலில் வந்தவர் க்ளென் டனவே. சோதித்துப் பார்த்தால் பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தார்கள். சாராய லோடு ஏற்றினாலும் பின்புறம் அமுங்காமல் இருக்கச் செய்கிற வேலை அது. வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது, 2,000 டாலர் பரிசும் சேர்த்து. காரின் சொந்தக்காரர் 10,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார், நீதிபதி தள்ளுபடி செய்தார். அன்றிலிருந்து விதி என்றால் ஃப்ரான்ஸ் சொல்வதுதான் விதி. 1961-ல் ஓட்டுநர்கள் யூனியன் சேர்க்கப் பார்த்தபோது கர்டிஸ் டர்னர், டிம் ஃப்ளாக் இருவரையும் ஆயுள் முழுக்கத் தடை செய்தார். தடை 1965-ல் நீங்கியது. ஃப்ரான்ஸை வில்லன் என்று நான் சொல்லமாட்டேன். சிதறிக்கிடந்ததை ஒரு கணக்கு, ஒரு விதிக்குள் கொண்டுவந்தது அவர்தான். ஆனால் அந்த ஒழுங்குக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்காத வரலாறு வெறும் விளம்பரம்.

நேரடிக் குரல்கள் வேண்டுமென்றால் சில்வியா வில்கின்ஸனின் 'டர்ட் ட்ராக்ஸ் டு குளோரி' (1983). அந்தக் காலத்து ஆட்களே பேசுகிறார்கள். எந்தப் பந்தயத்தில் யார் எத்தனாவது என்று சரிபார்க்க கிரெக் ஃபீல்டனின் 'ஃபார்ட்டி இயர்ஸ் ஆஃப் ஸ்டாக் கார் ரேஸிங்' தொகுதிகள். வரிசையாகப் படிக்கிற புத்தகம் இல்லை, பேரேடு மாதிரி புரட்ட வேண்டியது. தடிப்புத்தகம் வேண்டாம் என்பவர்கள் ஜூனியர் ஜான்ஸனைப் பற்றி டாம் வுல்ஃப் 1965-ல் எஸ்கொயர் பத்திரிகையில் எழுதிய கட்டுரையோடு ஆரம்பிக்கலாம். ஆச்சரியக்குறி கொஞ்சம் தூக்கல்.

ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்றால் பிரையன் டோனவனின் 'ஹார்ட் டிரைவிங்' (2008). வெண்டல் ஸ்காட் என்ற கறுப்பின ஓட்டுநரின் கதை. 1952-ல் டான்வில் தடத்தில் கூட்டம் சேர்க்க ஒரு கறுப்பின ஓட்டுநரைத் தேடியவர்கள், போலீஸிடமே போய் ஆள் கேட்டார்கள். சாராயம் கடத்தியவர் என்று போலீஸுக்கு நன்றாகத் தெரிந்தவர் ஸ்காட்! 1963 டிசம்பர் 1-ல் ஜாக்ஸன்வில்லில் 200 சுற்றுப் பந்தயத்தில் ஸ்காட் முதலில் வந்தார். கொடி காட்டியதோ பக் பேக்கருக்கு. கூட்டம் கலைந்து மணிக்கணக்கான பிறகு, கணக்கில் பிழை, ஜெயித்தது ஸ்காட்தான் என்றார்கள். கோப்பை ஏற்கனவே போய்விட்டது. ஸ்காட் 1990-ல் இறந்தார். 2021 ஆகஸ்டில்தான் டேடோனாவில் அவர் குடும்பத்திடம் அந்த வெற்றிக்கான கோப்பையைக் கொடுத்தார்கள். புத்தகம் 2008-ல் வந்ததால் இந்தக் கடைசிப் பகுதி அதில் இருக்காது.