ஒரே கிருமி, இரண்டு முகம்

மருத்துவ மாணவர்களுக்குப் பார்ட்டொனெல்லா கிருமியைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது, நுண்ணோக்கியைத் தொடுவதற்கு முன் நான் ஒரு ரயில் பாதையைப் பற்றிச் சொல்வேன்.

1870இல் பெரு நாட்டில் லிமாவிலிருந்து ஆண்டீஸ் மலைமேலுள்ள லா ஓரோயாவுக்குப் பாதை போடத் தொடங்கினார்கள். ரிமாக் பள்ளத்தாக்கில் பாறை உடைத்த கூலிகள் கடுங்காய்ச்சல் கண்டு, இரத்தம் வற்றி, வெளிறி, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ‘ஓரோயா காய்ச்சல்’ என்று அதற்குப் பெயர் விழுந்தது. அநியாயமான பெயர். ஓரோயா இருப்பது 3,700 மீட்டருக்கும் மேலே. நோயைப் பரப்பும் மணல் ஈ வாழ்வதோ கீழே, பள்ளத்தாக்குகளில்.

அதே பள்ளத்தாக்குகளில் ‘வெர்ருகா’ என்ற இன்னொரு நோயும் காலங்காலமாக இருந்தது. உடம்பெங்கும் சிவந்த மருக்கள். உரசினால் இரத்தம் கொட்டும். ஆளைக் கொல்வது அரிது. இரண்டும் ஒரே நோயா?

செர்ரோ டி பாஸ்கோ என்ற சுரங்க ஊரில் பிறந்த டேனியல் கரியோன் அப்போது லிமாவில் மருத்துவ மாணவர். 1885 ஆகஸ்ட் 27 அன்று, ஒரு நோயாளியின் மருவிலிருந்து எடுத்த இரத்தத்தைத் தன் கைகளில் ஏற்றிக்கொண்டார். மூன்று வாரத்தில் வந்தது மரு அல்ல, காய்ச்சல். குறிப்பெழுத முடிந்தவரை தானே எழுதினார். பிறகு நண்பர்கள் எழுதினார்கள். அக்டோபர் 5 அன்று இறந்தார். வயது 28.

மருத்துவர் ஆல்பெர்த்தோ பார்ட்டன் 1909இல் காய்ச்சல்காரர்களின் சிவப்பணுக்களில் இந்தக் கிருமியைக் கண்டதாக அறிவித்தார். ஆனாலும் 1913இல் பெருவுக்கு வந்த ஹார்வர்டு குழு, ‘மருவை ஏற்றினால் மருதான் வருகிறது, ஆகவே நோய்கள் இரண்டு’ என்று தீர்ப்பளித்தது. காய்ச்சல்காரரின் இரத்தத்தில் வளர்த்த கிருமியைக் குரங்குகளுக்குச் செலுத்தி, ஹிடேயோ நொகுச்சி 1926இல் மருக்களை வரவழைத்த பிறகே அந்தத் தீர்ப்பு விழுந்தது.

இரண்டு முகத்துக்கும் காரணம், கிருமி ஒட்டும் இடம். கசையிழைகளைச் சுழற்றி நீந்தி வந்து முதலில் சிவப்பணுக்களில் ஒட்டித் துளைக்கிறது. அவை அழிய, இரத்தச்சோகை முற்றுகிறது; மருந்தில்லாவிட்டால் பலர் சாகிறார்கள். பிழைத்தவர்களிடம் அது இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களில் ஒட்டி, உள்ளே புகுந்து குடியேறுகிறது. அந்தச் செல்களைச் சாகவிடாமல் பெருகத் தூண்டுகிறது. புதுப்புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அந்தக் குழாய்க் கொத்துதான் மரு. உரசினால் இரத்தம் கொட்டுவது அதனால்தான்.

மாணவர்கள் கேட்பார்கள்: “ஒரே ஒரு ஆள்மேல் செய்த சோதனை நிரூபணம் ஆகுமா சார்?” ஆகாது. ஹார்வர்டு குழுவின் சந்தேகமும் நியாயமானதுதான். ஆனால் மருவை ஏற்றிய உடம்பில் காய்ச்சல் வந்ததற்கு அவர்களிடம் சரியான பதில் இல்லை. தன் கருத்துக்கு ஒத்துவராத ஒரு நோயாளியை ஒதுக்கிவைப்பவர் மருத்துவர் ஆகலாம், ஆராய்ச்சியாளர் ஆக முடியாது. பெரு நாடு இன்றும் கரியோன் இறந்த அக்டோபர் 5ஐத்தான் மருத்துவ தினமாகக் கொண்டாடுகிறது.