கழற்றி மாட்டும் கலை: தறி சொல்லும் ஒரு தொழில் வரலாறு

சிவகிரியிலிருந்து சங்கரன்கோவிலுக்கோ புளியங்குடிக்கோ போகிறவர்களுக்குத் தறிச் சத்தம் புதிதல்ல. நெசவை நாம் கலை என்றோ வறுமை என்றோதான் பேசிப் பழகியிருக்கிறோம். உற்பத்தி முறை என்ற வகையில் தறியைப் பார்த்தவர்கள் குறைவு. அப்படிப் பார்த்தால் கிடைக்கும் வரலாறு சுவையானது.

பொருளின் தேவை மாறும்போது ஆலையை இடித்துக் கட்டாமல், உறுப்புகளை மட்டும் மாற்றியமைத்துப் புதுப்பொருள் செய்யும் முறையைப் பொறியியலாளர்கள் இன்று பெரிதும் பேசுகிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் யோரம் கோரன் 1990களில் இதை ஒரு கோட்பாடாக வளர்த்தார். நம் குழித்தறி இந்த இயல்பைப் பல தலைமுறைகளாகவே கொண்டிருக்கிறது. அச்சு, விழுது, மிதி, நாடா எல்லாம் தனித்தனி உறுப்புகள். அச்சையும் விழுதையும் மாற்றினால் துண்டு நெய்த தறியில் சேலை நெய்யலாம். பாவு தீர்ந்தாலும் பழைய இழைகளின் நுனியை அச்சிலும் விழுதிலும் விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைத்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கான இழைகளை மீண்டும் கோர்க்கும் வேலை மிச்சம்.

1733இல் இங்கிலாந்தில் ஜான் கே பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். சென்னை மாகாணத்தில் அதைப் பரப்ப முனைந்தவர்களில் முக்கியமானவர் ஆல்பிரட் சாட்டர்டன். 1906இல் சேலத்தில் அரசு நெசவுச்சாலை ஒன்று அவர் முயற்சியால் தொடங்கப்பட்டது. நெசவாளரை ஒரே கூரையின்கீழ், குறித்த நேரத்துக்கு வரவழைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நெசவாளர்கள் அதை விரும்பவில்லை. வீட்டிலேயே, குடும்பத்தோடு நெய்வதையே விரும்பினார்கள். அரசு தொழில் நடத்துவதை இந்திய அமைச்சர் மார்லி பிரபு 1910இல் ஏற்க மறுத்தார். சாலை நிலைக்கவில்லை.

ஆனால் நாடா நிலைத்தது. காரணம் எளியது. பழைய குழித்தறியின் அச்சுச் சட்டத்தை மட்டும் கழற்றி, பறக்கும் நாடாவுக்கான சட்டத்தை மாட்டினால் போதும். தறியும் வீடும் அப்படியே இருக்கும். 1942இல் கைத்தறி, ஆலைத் தொழில்களை ஆராய்ந்த உண்மையறியும் குழுவின் காலத்தில் சென்னை மாகாணத்துத் தறிகளில் பெரும்பான்மையானவை பறக்கும் நாடாத் தறிகளாகிவிட்டிருந்தன. ஆலை ஒழுங்கை மறுத்தவர்கள் கருவியை மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நெசவாளர் பழமையில் ஊறியவர் என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே பதில்.

1804இல் பிரான்சில் உருவான ஜக்கார்டும் தறியின் தலைமேல் ஏற்றி வைக்கும் பெட்டிதான். துளையிட்ட அட்டைகளின் சரத்தை மாற்றினால் கரையின் பூவேலை மாறிவிடும். அந்த அட்டைகள்தாம் சார்லஸ் பாபேஜின் கணிப்பொறிக் கனவுக்கும் வழிகாட்டின.

இந்த நெகிழ்வுக்கு மறுபக்கமும் உண்டு. உறுப்புகளைப் பிரிக்க முடிந்தபோது வேலையையும் பிரிக்க முடிந்தது. பாவு ஓட்டுபவர் ஒருவர், சாயம் தோய்ப்பவர் ஒருவர், அட்டை வெட்டுபவர் ஒருவர், நெய்பவர் இன்னொருவர். நூலும் அட்டையும் வியாபாரியின் கையில் இருந்தால், நெய்பவரும் கழற்றி மாட்டக்கூடிய ஓர் உறுப்பாகிவிடுகிறார். ஒருவர் போனால் அடுத்தவர் வருவார். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸும் ஊர்தோறும் எழுந்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இந்த நிலையை மாற்றும் முயற்சிகள்தாம். நூலைத் தருவதும் துணியை வாங்குவதும் நெசவாளரின் சொந்தச் சங்கமாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் எண்ணம். 1985இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் என வைத்தது. ஆனாலும் விசைத்தறியின் மலிவு விலையோடு கைத்தறி இன்றும் போராடிக்கொண்டுதான் இருக்கிறது.

மாற்றத்துக்கு இசையும் இயந்திரத்தை வடிவமைப்பது பற்றி இன்றைய தொழிலுலகம் நிறையப் பேசுகிறது. சேலம் நெசவாளர்கள் எழுப்பிய கேள்வி வேறு: எந்த உறுப்பை எப்போது மாற்றுவது என்று முடிவு செய்பவர் யார்? சட்டத்தை மாற்றும் முடிவு தம் கையில் இருந்தவரை அவர்கள் அதைத் தயங்காமல் மாற்றினார்கள். வரலாறு நமக்குக் காட்டுவது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.