தத்தர் குடும்பத்தின் கடற்பயணங்கள்

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் கால்கொண்ட வரலாற்றைப் பயில்வோர் ஒரு துயரச் செய்தியைக் கண்டிருப்பர். 1816-ல் இங்கு வந்த எட்வர்ட் வாரன், ஜேம்ஸ் றிச்சட்ஸ் என்னும் இருவரும் நெஞ்சுநோயால் மெலிந்தனர். கடற்காற்று அவர்களைத் தேற்றும் என்ற நம்பிக்கையோடு 1818-ல் நன்னம்பிக்கை முனை நோக்கிக் கப்பலேறினர். வாரன் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திற் கேப் டவுனிலே காலமானார். றிச்சட்ஸ் மீண்டு வந்து, 1822-ல் தெல்லிப்பழையில் உயிர்நீத்தார். இடமாற்றமே மருந்து என்று மருத்துவர் கூறிய காலம் அது. விக்டோரியா மகாராணியார் ஆட்சியிலும் இக்கொள்கை தளரவில்லை. மெலிந்த மகளை உடைய ஆங்கிலக் குடும்பம், வசதி இருப்பின், தோர்க்கேக்கோ சென் லெனாட்ஸ் கடற்கரைக்கோ தென்பிரான்சிலுள்ள நீஸ் நகருக்கோ சென்று தங்குவது வழக்கமாயிற்று.

அந்த விக்டோரியா காலத்து இந்தியக் குடும்பமொன்றின் பயணங்களையே ஈண்டு நோக்க விரும்புகின்றேன். கல்கத்தா இராம்பாகானைச் சேர்ந்த கோவிந்த சந்திர தத்தர் ஆங்கிலக் கல்வியிற் சிறந்தவர். 1862-ல் குடும்பத்தோடு கிறித்தவராயினார். அவருக்கு மக்கள் மூவர். மூத்தவனாகிய அப்ஜு 1865-ல் பதினான்கு வயதில் இறந்தான். எஞ்சியோர் ஆரு, தோரு என்னும் பெண்கள் இருவர். ஆரு 1854-லும், தோரு 1856-லும் பிறந்தவர்கள்.

1869-ல் தத்தர் மனைவியையும் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு ஐரோப்பா சென்றார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் அவ்வாண்டு நவம்பரிலேயே. வங்காளத்து மகளிர் கடல் கடப்பது மிக அருமையாக இருந்த நாளில் இது துணிவான செயல் என்பதில் ஐயமில்லை. முதலில் நீஸ் நகரில் தங்கினர். அங்கே விடுதிப் பள்ளியொன்றிற் சில மாதங்கள் இருவரும் பயின்றனர். அவர்கள் வாழ்நாளில் மிதித்த பள்ளிக்கூடம் அது ஒன்றே! ஆயினும் அச்சில மாதங்களிற் பிரெஞ்சு மொழி தோருவின் உள்ளத்தைக் கவர்ந்தது. பின்னர் அவர் எழுதிய நாவலொன்றும் அம்மொழியிலேயே அமைந்தது. 1870-ல் இலண்டனுக்கும், 1871-ல் கேம்பிரிட்ஜுக்கும் குடும்பம் பெயர்ந்தது. கேம்பிரிட்ஜில் மகளிர்க்கென நடத்தப்பட்ட விரிவுரைகளைச் சகோதரியர் கேட்டனர். அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கியது 1948-லே தான் என்பதை நம் மாணவியர் நினைவிற் கொள்க. மேரி மார்ட்டின் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் நட்புத் தோருவுக்கு வாய்த்ததும் அங்கேதான்.

ஆருவின் உடல்நிலை பெற்றோரை வருத்தத் தொடங்கியது. சென் லெனாட்ஸ் கடற்கரையிலும் குடும்பம் சில காலம் தங்கியது. 1873 செப்டெம்பரில் நால்வரும் கல்கத்தாவுக்குத் திரும்பினர். மறு ஆண்டு ஜூலை 23-ல் ஆரு க்ஷயரோகத்தால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது இருபது.

தந்தையார் பெண்களைக் குளிர்நாட்டுக்குக் கொண்டுபோய் நோயைத் தேடிக் கொடுத்தார் எனச் சிலர் குறைகூறக்கூடும். அஃது எனக்கு நீதியாகத் தோன்றவில்லை. அப்ஜு குளிர்நாட்டுக்குச் செல்லாமலே இறந்தான் அன்றோ? க்ஷயம் காற்றினாலோ குளிரினாலோ பிறப்பதன்று, கிருமியினாற் பரவுவது என்பதை றொபேட் கொக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் மாதத்தில்; அதனைக் கொல்லும் ஸ்ரெப்டோமைசின் கிடைத்ததோ 1943-ல். ஒரே வீட்டில், ஒரே அறையில், ஒரே நூலைத் தோளோடு தோள் சேர்ந்து வாசித்த சகோதரியரைப் பிரித்து வைக்கவேண்டும் என்று அன்று யார் கூறியிருப்பர்? அறியாமை அக்காலத்துக்கு உரியது. அதனை அத்தந்தையின் தலையிற் சுமத்தல் தகாது.

தோருவின் எஞ்சிய நான்கு ஆண்டுகளையும் மேரி மார்ட்டினுக்கு அவர் எழுதிய கடிதங்கள் காட்டுகின்றன. பாக்மாரித் தோட்டத்து வீடு, பூனைகள், குதிரைகள், தந்தையோடு கற்ற வடமொழி ஆகியவற்றுக்கிடையே மீண்டும் இங்கிலாந்து செல்லும் எண்ணம் திரும்பத் திரும்ப எழுகின்றது. பயணம் பேசப்படும், பின் தள்ளிப்போடப்படும். இருமலும் காய்ச்சலும் அவரையும் பற்றிக்கொண்டன. ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. பயணம் தடைப்பட்ட அக்காலத்திலேதான் அவருடைய எழுத்து முதன்முதலாகக் கடல் கடந்தது. பிரெஞ்சுக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூல் 1876-ல் பவானிப்பூரில் முன்னுரைதானும் இன்றி எளிய தோற்றத்தில் அச்சாயிற்று. அதில் எட்டுக் கவிதைகள் ஆருவின் கைவண்ணம். இலண்டனில் எட்மண்ட் கொஸ் என்னும் திறனாய்வாளர் அந்நூலை அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் வியந்து பாராட்டினார். 1877-ன் தொடக்கத்திற் பண்டை இந்தியப் பெண்மையைப் பற்றி நூலெழுதிய பிரெஞ்சு ஆசிரியை கிளாரிஸ் பாதேருடன் தோரு கடிதத் தொடர்பு கொண்டார். அந்நூலை ஆங்கிலத்தில் ஆக்குதல் அவர் விருப்பம். அது நிறைவேறவில்லை, ஐரோப்பியப் பயணமும் கைவிடப்பட்டது. 1877 ஆகஸ்ட் 30-ல், இருபத்தொரு வயதில், தோரு உயிர்நீத்தார்.

அவர் எழுதிய பிரெஞ்சு நாவல் பாதேரின் முன்னுரையோடு 1879-ல் பாரிசில் வெளிவந்தது. சாவித்திரி முதலிய புராணக் கதைகளைப் பாடிய ஆங்கிலக் கவிதைத் தொகுதி 1882-ல் இலண்டனில், கொஸ் எழுதிய முன்னுரையோடு அச்சேறியது. காரைநகர்க் கடற்கரையிற் சவுக்கு மரத்தின் ஓசையைக் கேட்டோர் அத்தொகுதியில் உள்ள சவுக்கு மரக் கவிதையைத் தேடிப் படித்தல் வேண்டும். பாக்மாரித் தோட்டத்து மரம் அது. அதன் நிழலில் விளையாடிய உடன்பிறப்புகளின் நினைவையே அக்கவிதை தாங்கி நிற்கின்றது.