கழுத்தின் ஓசை

"கழுத்துக்கு எதுக்கும்மா ஸ்கேன்? அது புள்ளத்தாச்சிங்களுக்குத்தானே?" திருவண்ணாமலையில் ஸ்கேன் பார்க்கும் டாக்டரான என்னிடம் செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் வருகிறவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தப்பே இல்லை. ஸ்கேன் என்ற சொல் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் நுழைந்ததே கர்ப்பிணிகள் வழியாகத்தான். ஆனால் கழுத்து வழியாக மூளையைத் தெரிந்துகொள்ளும் வேலை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஸ்கேன் கருவி வருவதற்கு வெகுகாலம் முன்பே அது தொடங்கிவிட்டது.

1989 செப்டம்பர் வரை நாங்கள் வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள். மாவட்டத் தலைநகர் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் 1949-ல் ஜேக்கப் சாண்டி நரம்பியல் துறையைத் தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதல். கோட்டயத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்து, கனடாவின் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர் அவர். அடுத்த ஆண்டே சென்னை ஜி.எச்.சில் பி. ராமமூர்த்தி மூளை அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். மூளையின் ரத்தக் குழாயைப் பார்க்க அன்றைக்கு இருந்த வழி, 1927-ல் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் காட்டியதுதான். கழுத்துத் தமனிக்குள் சாயத்தை ஏற்றி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்தச் சோதனையே சில சமயம் பக்கவாதத்தைக் கொண்டுவந்துவிடும் என்பதால், நடமாடிக்கொண்டிருக்கும் ஆளை அதற்கு உட்படுத்த யாருக்கும் மனம் வராது.

சாண்டி படித்துவிட்டு வந்த அதே மாண்ட்ரியலில்தான் மில்லர் ஃபிஷர் என்ற டாக்டர், பக்கவாதம் வந்தவர்களிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். இடது கை, கால் விழுந்துபோன ஒருவர், அதற்கு முன்பே சில தடவை தன் வலது கண் மட்டும் கொஞ்ச நேரம் இருண்டு தெளிந்ததாகச் சொன்னார். மூளையில் கோளாறு என்றால் இடது பக்கப் பார்வையல்லவா போக வேண்டும்? நோயாளி தவறிச் சொல்கிறார் என்று ஃபிஷர் விட்டுவிடவில்லை. வலது கண்ணுக்கும் மூளையின் வலது பாதிக்கும் ரத்தம் போவது ஒரே குழாயில், வலது கழுத்தின் உட்கரோட்டிட் தமனியில். அடைப்பு அங்கேதான் என்று எண்ணிப் பிரேதப் பரிசோதனைகளில் கழுத்தைத் திறந்து பார்த்தார். 1951-ல் வெளிவந்த அவருடைய கட்டுரைக்குப் பிறகுதான், பக்கவாதத்துக்குக் காரணம் பல நேரம் தலைக்கு வெளியே, தாடைக்குக் கீழே இருக்கிறது என்பதை மருத்துவ உலகம் ஏற்றது. 1954-ல் லண்டன் டாக்டர்கள் கழுத்தில் அறுவை செய்து அந்தப் பாதையைச் சரிசெய்ததை வெளியிட்டார்கள்.

குழாய் அடைத்தும் சிலர் நன்றாகவே இருப்பார்கள். ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664-லேயே இதை எழுதியிருக்கிறார். மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக நிற்கின்றன. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் அவருக்கு அதை வரைந்து கொடுத்தார். எங்கள் கிரிவலப் பாதையில் எதிர்த் திசையில் யாரும் நடப்பதில்லை. இந்த வளையத்தில் ஒரு பக்கம் அடைத்தால் ரத்தம் எதிர்த் திசையிலும் ஓடி அந்தப் பக்கத்தைக் காப்பாற்றும். வளையம் எல்லோருக்கும் முழுசாக அமைவதில்லை என்பதுதான் துயரம்.

குத்தாமல், சாயம் ஏற்றாமல் பார்க்கும் வழி ஜப்பானிலிருந்து வந்தது. ஒசாகா பல்கலைக்கழக இயற்பியலாளர் சத்தோமுரா ஷிகேயோ, 1842-ல் ஆஸ்திரியரான டாப்ளர் நட்சத்திர ஒளியைப் பற்றிச் சொன்ன விதியை ஓடும் ரத்தத்தின் மீது பிரயோகித்தார். தோலின் மேல் வைத்த கருவி அனுப்பும் ஒலி, நகரும் ரத்த அணுக்களில் பட்டுச் சுருதி மாறித் திரும்புகிறது. எவ்வளவு மாறுகிறதோ அதுதான் வேகம். கழுத்துத் தமனியில் அதைக் கேட்டுவிட்டு, 1960-லேயே அவர் இறந்துபோனார். படத்தையும் வேகத்தையும் ஒரே கருவியில் சேர்த்தது 1974-ல் சியாட்டிலில் ஸ்ட்ராண்ட்னெஸின் குழு. இன்று என் மேஜையில் இருப்பது அதன் வழிவந்ததுதான்.

தோளுக்கடியில் தலையணை வைத்து, முகத்தை மறுபக்கம் திருப்பி, ஜெல் தடவி, ஒலி அனுப்பும் புரோபை வைக்கிறேன். தாடைக்குக் கீழே குழாய் இரண்டாகப் பிரிகிறது. முகத்துக்குப் போகும் கிளை 'டக், டக்' என்று வெட்டி வெட்டி ஒலிக்கும். மூளைக்குப் போவது அடங்காமல் 'ஹூஷ்ஷ்' என்று இழுத்துக்கொண்டே இருக்கும். இதயம் இரண்டு துடிப்புக்கு நடுவே ஓய்ந்தாலும் மூளைக்கு ரத்தம் ஓயக்கூடாது. சந்தேகம் வந்தால் காதுக்கு முன்னால் விரலால் தட்டுவேன். முகத்துக் கிளையாக இருந்தால் திரையில் அலை பல் பல்லாக அதிரும். வேகம் நொடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால் குழாய் பாதியாவது அடைத்திருக்கிறது. 230-ஐத் தாண்டினால் 70 சதவீதத்துக்குக் குறையாது.

ஆரணிப் பக்கத்து நெசவாளர் ஒருவர், தறியில் உட்கார்ந்திருக்கும்போது "ஒரு கண்ணுல மட்டும் பாவு மறைஞ்சு, அஞ்சு நிமிஷத்துல திரும்ப வந்துச்சும்மா" என்றார். மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார். வேகம் 300-ஐத் தாண்டியது. வேலூரில் அறுவை ஆகி, இப்போது தறிக்குத் திரும்பிவிட்டார். என்னை வருத்துவது அந்தக் கயிறுதான். இப்படி வந்து போகும் கண் இருட்டும் மரத்துப்போதலும் தாமாகவே சரியாகிவிடும். பெருமையோ கயிற்றுக்கும், வைத்தியம் என்று புறா ரத்தம் தடவியவருக்கும் போய்விடும். பெரிய அடி விழுவதற்கு முன் கிடைத்த ஒரே எச்சரிக்கை இப்படி வீணாகிறது. 1991-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், எச்சரிக்கை வந்து, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் இருந்தவர்களில் மருந்து மட்டும் எடுத்துக்கொண்டோரில் 26 சதவீதத்தினருக்கு இரண்டே ஆண்டில் அதே பக்கத்துப் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் அது 9 சதவீதம்.

ஊர்க்காரர்களிடம் நேரில் விசாரித்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் எங்கள் பழைய மாவட்டத்தில் இருந்தது. வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் டாக்டர் ஜேக்கப் ஆபிரகாமும் சகாக்களும் கணக்கெடுத்தார்கள். பக்கவாதத்தால் கை, கால் விழுந்தவர்கள் லட்சத்துக்குச் சுமார் 57 பேர் என்று 1970-ல் எழுதினார்கள். தென்னிந்தியக் கிராமத்துப் பக்கவாதம் எண்ணாகப் பதிவானது அப்போதுதான்.

அதுபோல இன்று கருவியை ஜவ்வாது மலைக்கு எடுத்துப்போய்க் கழுத்து பார்க்கலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவாக வேண்டும். கழுத்து மட்டும் பார்க்கும் கருவிக்கும் விலக்கில்லை. நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. எனக்கு இதில் மனக்குறை இல்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டிய நிலையில் இருந்த மாநிலம் நம்முடையது.

கழுத்து ஸ்கேனுக்கு ஒரு எல்லை உண்டு. வெள்ளையர்களுக்குக் கழுத்தில் படியும் கொழுப்பு, இந்தியர்களுக்கும் கிழக்காசியர்களுக்கும் மண்டைக்குள் இருக்கும் தமனிகளில் படிவது அதிகம். புரோபின் ஒலி எலும்பைத் தாண்டாது. 1982-ல் ரூனே ஆஸ்லிட் காதுக்கு மேலே எலும்பு மெலிந்த இடத்தில் 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி உள்ளே கேட்க வழி கண்டார். வயதான பெண்கள் பலருக்கு அந்த ஜன்னலும் மூடியே இருக்கும். ஆகவே 'கழுத்துக் குழாய் நார்மல்' என்று எழுதிய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பி.பி., சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கண் இருண்டதோ, வாய் குழறியதோ, கை மரத்ததோ அஞ்சு நிமிஷத்தில் சரியாகியிருந்தாலும், அன்றைக்கே டாக்டரிடம் போய் எந்தக் கண், எந்தக் கை, எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள்.