வீடியோ கேமில் கதைசொல்லல்

வீடியோ கேமில் கதையைத் தாங்குவது வசனத்தைவிட, ஆடுபவர் செய்யும் வேலைதான். கேட்பவரையே பாத்திரமாக்கும் இந்த உத்தி கணினிக்கு முந்தியது. ஸ்ரீவில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும் தன்னை ஆய்ச்சியாகவும் பாவித்தாள் ஆண்டாள். மார்கழியில் திருப்பாவையின் 30 பாசுரங்களைப் பாடுபவர், அவர் எங்கே இருந்தாலும், தோழியரை எழுப்பும் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறார். கேமில் கூடுதலாக இருப்பது தவறு செய்யும் வாய்ப்பு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ இதற்கு நல்ல சான்று. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்ப் பெண்ணிடம் அம்மாவின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. ஆனால் அது சிதைந்த ஏடு. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும் என்பதை ஆடுபவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். தாய்வீட்டின் தூரத்தை எந்த வசனமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது.

‘வெண்பா’ போல முடிவை மாற்ற முடியாத கதைக்கு கேம் எதற்கு, சினிமா போதாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெண்ணின் மகன் தமிழிலிருந்து விலகுவதைத் தடுக்கும் பொத்தான் ஏதும் ஆடுபவரிடம் இல்லை; அந்தக் கையறு நிலைதான் இங்கே கதை. முடிவுகளைப் பெருக்கியிருந்தால் அது நீர்த்துப் போயிருக்கும். 2024இல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதைப் பெற்றது இந்தச் சிறிய படைப்பு. சில இடங்களில், சமையலே சொல்லிவிட்டதை உரையாடல் மறுபடி விளக்குவது மட்டும் குறை.